பர்மா உளுந்து கூடிய மாதம்

தூத்துக்குடியில், இறக்குமதிச் சரக்குகளுக்குச் சுங்கத் தாள்கள் தயாரித்துக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கோவில்பட்டியிலிருந்து தினமும் பஸ். மாதம் பிறந்ததும் முதல் வேலை, போன மாதம் எந்தச் சரக்கு எவ்வளவு இறங்கியது, முந்தைய மாதத்தைவிடக் கூடியதா குறைந்ததா என்று பட்டியல் அடிப்பது. உளுந்து, துவரை, முந்திரிக்கொட்டை, மரக்கட்டை. எதையும் நான் கண்ணால் பார்த்ததில்லை.

என் அண்ணன் பசுவந்தனைப் பக்கம் கரிசலில் உளுந்து விதைப்பவன். அந்த வருடம் காய் நன்றாகப் பிடித்திருந்தது. தை மாதம் அடித்து மூட்டை கட்டியதும் தரகர் வந்து கேட்டிருக்கிறார். அண்ணன் எனக்குப் போன் செய்தான்.

“ஏட்டி, பர்மா உளுந்து எப்படி வருது?”

“ரெண்டு மாசமா கொறஞ்சுக்கிட்டே வருதுண்ணே.”

“அப்போ இப்ப விக்காம வச்சுப் பாக்கலாமா?”

“வச்சுப் பாருண்ணே. வெல ஏறும்.”

விலையைப் பற்றி எங்கள் பட்டியலில் ஒரு வரிகூடக் கிடையாது. அதை நானாகத்தான் சொன்னேன்.

பங்குனியில் பட்டியல் அடித்தபோது பர்மா உளுந்து வரத்து பல மடங்கு கூடியிருந்தது. தப்பாக அடித்துவிட்டேனோ என்று இரண்டு தடவை சரிபார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அச்செடுத்து மேஜையில் வைத்துவிட்டு, கொண்டுவந்திருந்த எலுமிச்சைச் சோற்றைச் சாப்பிட்டேன். போன் பக்கத்திலேயே இருந்தது. அண்ணனைக் கூப்பிடவில்லை. ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

தரகர் அந்தப் பக்கமே வராமல் போனதும்தான் விலை விழுந்துவிட்ட விஷயம் அவனுக்குப் புரிந்திருக்கிறது. அதற்குள் மூட்டைகளில் வண்டு விழுந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். அண்ணனும் மதினியும் மொட்டை மாடியில் உளுந்தைக் கொட்டிச் சலித்துக்கொண்டிருந்தார்கள்.

“நான்தானண்ணே வைக்கச் சொன்னேன்” என்றேன்.

“நீ தாளுல இருந்ததைச் சொன்ன. வேற என்னத்தச் சொல்லுவ.”

தாளில் அப்படி இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. நானும் ஒரு சல்லடையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மதினி மத்தியானம் வழக்கம்போல எனக்குச் சோறு போட்டாள். வந்த விலைக்கு விற்றது போக, ஓட்டை விழுந்ததெல்லாம் மாட்டுக்குப் போயிற்று.

அடுத்த புரட்டாசியில் அண்ணன் விதைக்கவில்லை. நிலத்தைப் பக்கத்துக்காரரிடம் மக்காச்சோளம் போடக் குத்தகைக்கு விட்டுவிட்டு, “உங்க பக்கம் ஏதாவது வேல இருந்தாச் சொல்லு” என்றான். விசாரித்தேன். வெளிநாட்டுச் சரக்கு மூட்டைகளை அடுக்கிவைக்கும் ஒரு கிட்டங்கியில் ஆள் தேவைப்பட்டது. லாரியில் வரும் மூட்டைகளை எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். அவனைச் சேர்த்துக்கொண்டார்கள்.

முதல் நாள் சாயங்காலம் ஒரே பஸ்ஸில் திரும்பினோம்.

“வேல எப்படிண்ணே?”

“பரவால்ல. ஒரு மூட்ட பிரிஞ்சு கெடந்துச்சு. அள்ளிப் பாத்தேன், பர்மா உளுந்து.” ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, “நல்லாத்தான் இருக்கு. கல்லு, மண்ணு ஒண்ணுமில்ல” என்றான்.

எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அவன் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டான். ஓட்டப்பிடாரம் தாண்டியதும் எழுப்பிவிட வேண்டுமே என்பது மட்டும்தான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. எழுப்பினேன். தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு, “நாளைக்கும் இதே பஸ்ஸுதான?” என்று கேட்டுப் பசுவந்தனையில் இறங்கிப் போனான்.