பள்ளத்தெருவின் அறுபத்திரண்டு வீடுகள்

பிரம்மதேசத்திலிருந்து கிழக்கே ஐந்து கிலோமீட்டர் போனால் நாவல்பட்டு. அந்த ஊரின் கிராம உதவியாளர் அருணா. பழைய ஆட்கள் இன்னும் அந்த வேலையைத் தலையாரி என்றுதான் சொல்வார்கள். பெண் என்பதால் இவள் தலையாரியம்மா. விஏஓ ஆபீசைத் திறந்து கூட்டுவது, திண்டிவனத்துக்கும் ஊருக்கும் தபால் சுமப்பது, நிலம் அளக்க வருகிறவர்களுக்குச் சங்கிலி பிடிப்பது, மழைக்காலத்தில் ஏரிக்கரையைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அவள் வேலை. பார்த்துக்கொள்வது என்றால் என்ன செய்ய வேண்டும் என்று சேர்ந்த புதிதில் விஏஓ மணிமாறனிடம் கேட்டாள்.

"பாத்துக்கினே இரும்மா. ஒடைஞ்சா போன் பண்ணு" என்றார் அவர்.

ஏரிக்குக் கீழே இருப்பது பள்ளத்தெரு. பெயரை வைத்தவர்கள் எதையும் மறைக்கவில்லை. ஏரி நிரம்பி வழிந்தால் தண்ணீர் வாய்க்காலில் போக வேண்டும். வாய்க்கால் தூர்ந்துபோனதால் தெருவில் போகும். அருணா வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருட மழையில் அப்படித்தான் போனது. தெருவில் இருந்தவர்கள் எல்லோரும் மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள். மத்தியானம் கஞ்சி ஊற்றும்போதுதான் யாரோ, "மண்ணாங்கட்டி எங்க?" என்று கேட்டார்கள்.

மண்ணாங்கட்டி பக்கவாதம் வந்து படுத்திருந்தவர். அவருக்கு இரண்டு பிள்ளைகள். அண்ணன் தூக்கிக்கொண்டு வந்திருப்பான் என்று தம்பி நினைத்தான். தம்பி தூக்கியிருப்பான் என்று அண்ணன் நினைத்தான். அருணாவும் அந்த இரண்டு பிள்ளைகளும் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிப் போய்ப் பார்த்தபோது அவர் கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து கிடந்தார். தண்ணீர் முதுகைத் தொட்டுக்கொண்டிருந்தது. காலடியில் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது.

"எல்லாரும் போறது கேட்டுச்சு" என்றார் அவர். "கூப்புடலாம்னு பாத்தேன். எல்லாரும் அவசரமா போய்க்கினு இருந்தாங்க."

அவர் அதற்குப் பிறகு இரண்டு வருடம் இருந்து, மழைக்குச் சம்பந்தமில்லாமல் ஒரு பங்குனி மாதத்தில் இறந்துபோனார். அந்த வெள்ளத்துக்குப் பிறகு அருணாவுக்குத்தான் ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. எட்டாம் நாள் திண்டிவனத்தில் தபால் கொடுத்துவிட்டு வரும்போது கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி வந்தாள்.

நோட்டை எடுத்துக்கொண்டு பள்ளத்தெருவில் வீடு வீடாக ஏறினாள். ஒவ்வொரு வீட்டிலும் மூன்று கேள்வி. தண்ணி வந்தா யாரைத் தூக்கணும், எதை எடுத்துக்குவீங்க, யாரு வர மாட்டாங்க. முதல் கேள்விக்கு எல்லோரும் யோசித்துச் சொன்னார்கள். இரண்டாவதற்கு டிவி என்றார்கள், ரேஷன் கார்டு என்றார்கள், ஒருத்தி மிக்சி என்றாள். மூன்றாவதற்கு மட்டும் யாரும் யோசிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பெயரையோ வீட்டுக்காரர் பெயரையோ உடனே சொன்னார்கள். "எங்க மாமியார் வர மாட்டாங்க" என்று ஒரு மருமகள் சொன்ன குரலில் கொஞ்சம் நம்பிக்கை இருந்ததாக அருணாவுக்குப் பட்டது. அதை நோட்டில் எழுதவில்லை.

தாண்டவராயன் வீட்டில் அவள் கேள்வி கேட்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. எழுபது வயதைத் தாண்டிய விவசாயி. மூன்று ஏக்கரில் தானே இறங்கிப் பயிர் வைப்பவர். மனைவி போன பிறகு தனியாக இருந்தார்.

"அறுவது வருசமா இந்த வூட்ல கீறேன். தண்ணி படி ஏறனது கெடையாது" என்றார்.

"ஏறனா, பெரியப்பா?"

"ஏறாது."

கூடத்தில் பலகை போட்டு ஆறு மூட்டை விதை மல்லாட்டை அடுக்கியிருந்தது. மார்கழியில் விதைக்க வேண்டிய வேர்க்கடலை. அவர் பேசும்போது ஒரு கை மூட்டை மேலேயே இருந்தது. அருணா வெளியே வந்து எழுதினாள்: 'தாண்டவராயன். வர மாட்டார். மூட்டை ஆறு.'

நோட்டைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து வெயிலுக்கு எழுதினாள். சுற்றுச்சுவர் இல்லாத கிணறு நான்கு. கூரைக்கு அடியிலேயே அடுப்பு எரிகிற வீடு ஒன்பது. தகரக் கொட்டகையில் தனியாக இருப்பவர்கள் மூன்று பேர். ஆபீசிலிருந்தும் அவளுக்கு உதவி வந்தது. வெள்ளத்தில் செய்ய வேண்டியவை என்ற சுவரொட்டிக் கட்டு சித்திரையிலும், வெயிலில் செய்ய வேண்டியவை என்ற கட்டு ஐப்பசியிலும் வந்தன. அருணா இரண்டையும் ஆறு ஆறு மாதம் அலமாரியில் வைத்திருந்து ஒட்டினாள். அடுத்த வருடமும் அப்படியே வந்ததால், அவளிடம் எப்போதும் சரியான சுவரொட்டி கையிருப்பில் இருந்தது.

பிறகு ஒத்திகை நடத்த முடிவு செய்தாள். கோயில் மைக்கில், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வெள்ள ஒத்திகை, பள்ளத்தெரு மக்கள் பள்ளிக்கூடத்துக்கு வரவும் என்று சொன்னாள். நான்கு பேர் வந்தார்கள். இருவர் பட்டா விஷயமாகப் பேச வந்தவர்கள்.

அடுத்த மாதம் மறுபடியும் மைக்கில் சொன்னாள். இந்த முறை கடைசியில், "தக்காளி சாதம் உண்டு" என்று சேர்த்துக்கொண்டாள். பள்ளத்தெரு முழுக்க வந்தது. பள்ளத்தெருவில் இல்லாதவர்களும் வந்தார்கள். அவர்கள் வீட்டுக்குத் தண்ணீர் வர வேண்டுமென்றால் திண்டிவனமே முழுகியிருக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக் கேட் பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்த காவலாளி வாரக் கடைசியில் ஓமந்தூரில் மகள் வீட்டுக்குப் போய்விடுவார் என்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. கேட்டைத் தாண்டிக் குதித்தவர்கள் குதித்தார்கள். மற்றவர்கள் முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றார்கள். வாய்க்கால் மேல் போட்டிருந்த கல் ஆடியது. கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. சாப்பிட்டு முடித்ததும் தெரு மொத்தமும் கை கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனது.

தலைமையாசிரியை கலைப்பிரியா இலைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். "சாப்ட்டாங்க, போய்ட்டாங்க. இதுல இன்னாம்மா கத்துக்கினாங்க?"

"எங்க உக்காரணும்னு கத்துக்கினாங்க, டீச்சர்" என்றாள் அருணா. "நாம சாவி எங்க கீதுன்னு கத்துக்கினோம்."

அடுத்த வாரமே இரண்டாவது சாவி ஒன்று அருணாவின் தாலிக்கயிற்றுக்குப் பக்கத்தில், தனிக் கயிற்றில் தொங்கியது. ஆடிய கல்லுக்கு அடியில் ஜல்லி கொட்டினார்கள். தாழ்ப்பாளைக் கலைப்பிரியா தன் வீட்டிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தார்.

புயல் வந்தது ஒரு கார்த்திகை மாதச் சனிக்கிழமை. அருணாவின் வீட்டுக்காரர் செல்வகுமார் திண்டிவனத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். சாலையில் மரம் விழுந்து அங்கேயே மாட்டிக்கொண்டார். ஞாயிறு விடிந்தபோதும் மழை விடவில்லை. ஏழு மணிக்கு அருணா கரைக்குப் போய்ப் பார்த்தாள். ஏரி, உபரித் தண்ணீர் போகிற கலங்கலில் வழிந்ததோடு நிற்கவில்லை. கரையின் தாழ்ந்த பக்கமும் கசியத் தொடங்கியிருந்தது. மணிமாறனுக்குப் போன் செய்தாள். டவர் இல்லை. உடைந்தால் போன் பண்ண வேண்டும் என்ற உத்தரவு அத்தோடு முடிந்தது.

கரண்ட் இல்லாததால் மைக்கும் இல்லை. விசிலை ஊதிக்கொண்டு தெருவில் இறங்கினாள். கணுக்காலுக்குத் தண்ணீர் இருந்தது. யாரும் காரணம் கேட்கவில்லை. தூக்க வேண்டிய நான்கு பேரையும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து ஆளுக்கு இருவர் தூக்கினார்கள். யாரை யார் தூக்குவது என்பது நோட்டில் இருந்தது. பள்ளிக்கூடத்துக்குள் போனவர்கள் தக்காளி சாதம் சாப்பிட்ட இடத்திலேயே போய் உட்கார்ந்தார்கள். மற்றவர் இடத்தில் உட்கார்ந்த ஒருவரை எழுந்திருக்கச் சொல்லிச் சண்டைகூட நடந்தது.

ஒன்பதரைக்கு ஒரு வீடு மட்டும் பாக்கி. தாண்டவராயன் வாசற்படியில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் இரண்டாவது படியில் இருந்தது.

"மூணாவது படி ஏறாது" என்றார்.

"சரிங்க பெரியப்பா" என்றாள் அருணா. கூட வந்திருந்த நான்கு ஆட்களும் அவரைத் தாண்டிக் கூடத்துக்குள் போனார்கள். இரண்டு மூட்டையைத் தார்ப்பாயில் சுற்றித் தலையில் ஏற்றினார்கள்.

"ஏய், எங்க எடுத்துக்கினு போறீங்க?"

"ஸ்கூல்ல மேடை காலியா கீதுங்க. அங்க அடுக்கிடுவோம். நீங்க இங்கயே இருங்க."

"அடுக்கத் தெரியுமா உங்களுக்கு? சொவுத்துல ஒட்டி வெச்சா ஓதம் அடிச்சுப் பூடும்."

"தெரியாதுங்க."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூட்டைகளுக்குப் பின்னாலேயே இறங்கினார். போகும் வழியெல்லாம் தூக்கிப் போகிறவர்களைத் திட்டிக்கொண்டு போனார். ஆறாவது மூட்டை மேடை ஏறிய சற்று நேரத்துக்கெல்லாம் கரை உடைந்தது. சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. லாரியில் மண் சரித்தது போல இருந்தது. தாண்டவராயன் வீட்டின் மூன்றாவது படி மட்டுமல்ல, ஜன்னலும் போனது.

ஒரு உயிரும் போகவில்லை. அருணா இரண்டு முறை தலை எண்ணினாள். மத்தியானம் கலைப்பிரியா அவளுக்கு டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "உங்க வூட்ல யாரு கீறாங்க?" என்று கேட்டார்.

"யாரும் இல்ல டீச்சர். அவரு திண்டிவனத்துல" என்று சொல்லி டீயை வாயருகே கொண்டுபோனவள், அப்படியே நின்றாள்.

அவள் வீடு பள்ளத்தெருவின் கோடியில் இருந்தது. அறுபத்து மூன்றாவது வீடு. அதை அவள் நோட்டில் எழுதியிருக்கவில்லை. அவளிடம் அவளே போய்க் கேள்வி கேட்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் மூன்று ஆடுகள் கட்டியிருந்தன. ஒன்று சினை.

தண்ணீர் வடிந்து அவள் போய்ப் பார்த்தபோது மணி நான்கு. பக்கச்சுவர் சரிந்து கிடந்தது. ஆடுகள் முளைக்குச்சியை விட்டு நகரவில்லை. முடிச்சு அவள் போட்டதுதான். நன்றாகப் போட்டிருந்தாள். நனைந்த கயிற்றை அவிழ்க்க வெகு நேரம் பிடித்தது. அவிழ்த்து என்ன ஆகப்போகிறது என்று தெரிந்தும் மூன்றையும் அவிழ்த்துவிட்டுத்தான் எழுந்தாள்.

செல்வகுமார் செவ்வாய்க்கிழமை நடந்தே வந்து சேர்ந்தார். சுவரைப் பார்த்தார், வெறும் முளைக்குச்சிகளைப் பார்த்தார்.

"நோட்ல நம்ம வூடு எத்தினியாவது நம்பரு?"

"இல்லீங்க. நான் எழுதல."

அவர் சட்டையைக் கழற்றிவிட்டுச் சேற்றை வார ஆரம்பித்தார். அவர் திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது அருணாவுக்கு.

சாயந்திரம் தாண்டவராயன் வந்தார். ஒரு மூட்டையின் அடிப்பக்கம் நனைந்துவிட்டது, தார்ப்பாயைச் சரியாகச் சுற்றவில்லை என்று சொல்ல வந்திருந்தார். அதைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் சுவரைக் கவனித்தார்.

"ஆடு?"

"கயிறு அவுக்க மறந்துட்டேன், பெரியப்பா."

சரி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் காலை ஒரு வண்டி மூங்கிலும் கீற்றும் வாசலில் இறங்கின. கொட்டகையில் சும்மா கிடந்தது, இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது என்று வண்டிக்காரனிடம் சொல்லி அனுப்பியிருந்தார். அதே வாரம் கலைப்பிரியா நோட்டை வாங்கி, கடைசி வரிக்குக் கீழே நல்ல கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார்: 'அருணா. வருவார், எல்லோருக்கும் கடைசியில். ஆடு இருந்தால் முதலில் அவிழ்த்துவிடவும்.'

மழைக்காலம் போய் வெயில் வந்தது. கிணறுகளுக்கு முள்வேலி போட்டாயிற்று. அலமாரியிலிருந்த ஐப்பசிச் சுவரொட்டிகளை எடுத்து ஒட்டியாயிற்று. சித்திரை இரண்டாம் வாரத்தில் ஒருநாள், கோடை வெப்பத்தில் மக்களைக் காப்பது பற்றித் திண்டிவனத்தில் மதியம் ஒரு மணிக்குக் கூட்டம் என்று தகவல் வந்தது. தவறாமல் வர வேண்டும் என்று அடிக்கோடு போட்டிருந்தது.

பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடிக்க அருணா பதினொன்றரைக்குக் கிளம்பினாள். ரோட்டை ஒட்டி ஜெகதீசனுடைய நிலம். எட்டுப் பெண்கள் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் நிமிர்ந்து நின்று, யாரும் இல்லாத பக்கம் பார்த்து, அடுப்பை அணைத்தாயா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சின்னபொண்ணு. அவள் முகத்தில் வேர்வை இல்லை. தொட்டுப் பார்த்தால் தோசைக்கல் மாதிரி இருந்தது.

அருணா பையை வரப்பில் போட்டாள். நான்கு பேராகப் பிடித்து வேப்பமரத்தடிக்குத் தூக்கி வந்தார்கள். மோட்டார்த் தொட்டியிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து உடம்பெல்லாம் ஊற்றி, முந்தானையால் விசிறிக்கொண்டே 108க்குப் போன் செய்தாள். இந்த முறை டவர் இருந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் சின்னபொண்ணு கண் திறந்து, "இன்னாத்துக்கு என்ன நனைச்சீங்க?" என்று கேட்டாள். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்து நன்றாகத் திரும்பி வந்தாள்.

ஆம்புலன்ஸ் போனதும் மற்ற ஏழு பேரும் மறுபடி நிலத்துக்குக் கிளம்பினார்கள். அருணா அவர்களை உட்கார வைத்தாள். அவளும் கூட உட்கார்ந்தாள். விட்டுவிட்டுப் போனால் எழுந்துவிடுவார்கள் என்று தெரியும். பன்னிரண்டு மணி பஸ் தாமதமாக வந்து அவர்களைத் தாண்டிப் போயிற்று.

ஒரு மணி வாக்கில் ஜெகதீசன் வண்டியில் வந்தார். "இன்னா, வேல நின்னு பூட்ச்சா?"

"நாலு மணிக்கு மேல செய்வாங்கண்ணா. நாளையிலருந்து காத்தால அஞ்சுக்கு வந்து பத்துக்கு ஏறிடுவாங்க. நடுவுல கெடையாது."

"யாரு சொன்னது?"

"ஆபீஸ்ல" என்றாள் அருணா.

அதைச் சொல்லப்போகிற கூட்டம் அப்போதுதான் திண்டிவனத்தில் தொடங்கியிருக்கும். ஜெகதீசன் மரத்தடியில் உட்கார்ந்திருந்த ஏழு பேரையும் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

மறுநாள் மணிமாறன் ஒரு தாளை நீட்டினார். கூட்டத்துக்கு ஏன் வரவில்லை என்று எழுத்துமூலம் விளக்கம் கேட்டிருந்தார்கள். அருணா நின்றபடியே எழுதிக் கொடுத்தாள்: 'வெயில் அதிகமாக இருந்தபடியால் வர இயலவில்லை.'

மணிமாறன் அதை இரண்டு முறை படித்தார். பிறகு சீல் வைத்து அனுப்பிவிட்டார்.