டெய்லர் தைத்த நீர்மூழ்கி

கடலைக் கண்டால் பத்தடி தள்ளியே நிற்கிற மனிதர் நீர்மூழ்கிக் கப்பல் கட்டினார் என்றால் நம்பச் சிரமம்தான். டெய்லருக்கு நீச்சல் தெரியாது. அவர் கட்டிய கப்பலுக்கும் தெரியாது. போர்க்காலத்தில் இரண்டே பேர் ஏறிப்போன குட்டி நீர்மூழ்கியின் அச்சு அசல் நகல் அது. தையற்கடைக்குப் பின்னாலிருந்த கொட்டகையில், ஆறு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்று வளர்ந்தது.

குழாயை வளைத்து எலும்புக்கூடு போட்டுக் கொடுத்தவர் மனைவியின் தம்பி, வெல்டர். மேலே தகரம் போர்த்தியது டெய்லர். நியூஸ்பேப்பரில் அளவு வெட்டி, தகரத்தில் சோப்புக்கட்டியால் கோடு போட்டு, முன்பாகம் பின்பாகம் பிரித்து, கப்பலுக்கே ஒரு சட்டை தைத்துவிட்டார்.

அன்று பத்து மணிக்கு, கப்பலைக் காட்சிக்கு எடுத்துப்போகத் துறைமுக அருங்காட்சியகத்தின் லாரி வருகிறது. கப்பலைத் தூக்குவதற்காகக் கொட்டகைக் கூரையைக் கழற்றியாயிற்று. அங்கே போய்விட்டால் சுற்றிலும் கயிறு கட்டிவிடுவார்கள். கட்டியவரும் கயிற்றுக்கு இந்தப் பக்கம்தான். அதற்குள் ஒரே ஒரு முறை கேப்டன் இருக்கையில் உட்கார்ந்து பெரிஸ்கோப்பில் பார்த்துவிட வேண்டும். அவர் தனக்கென்று வைத்திருந்த ஆசை அது ஒன்றுதான்.

இத்தனை நாள் திறந்திருந்த வால்பக்கமாகப் போய்வந்தார். போன வாரம் அதை மூடி, பெரிஸ்கோப்பைப் பொருத்தியபின் வட்டமான மேல்வாசல்தான் வழி. விடிந்ததும் ஏறினார். கால் போயிற்று, தொடை போயிற்று, வயிறு வாசலிலேயே உட்கார்ந்துகொண்டது.

"அத்தான், சுத்தி ஒரு அங்குலம் அறுத்துடுவோம். யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் வெல்டர்.

"எனக்குத் தெரியும். வரைபடத்துல உள்ளது உள்ளபடி இருக்கணும். அந்தக் காலத்து ஆளுங்க ஒல்லி, அவ்வளவுதான்."

கடையில் பொத்தானுக்குக் காஜா எடுக்கும் மனைவி, கழுத்தில் டேப்போடு வந்து நின்றார். "சட்டை இறுக்குதுன்னு யார் வந்தாலும், 'தையல் சரிதான், நீங்கதான் சதை போட்டுட்டீங்க'ன்னு சொல்வீங்களே. இன்னிக்கு நான் சொல்லட்டுமா?"

"முதல்ல வெளிய இழு. அப்புறம் சொல்லு."

இழுத்தார்கள். மனைவி வாசலை அளந்தார். சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்தார். மறுபடி அளந்தார்.

"படத்துல பதினெட்டு அங்குலம். இங்க பதினாறு."

டெய்லர் விளிம்பைத் தடவிப் பார்த்தார். கழுத்து வெட்டும்போது மடித்துத் தைக்கச் சுற்றிலும் ஓர் அங்குலம் விடுவது நாற்பது வருஷப் பழக்கம். மேல்வாசலுக்கும் அப்படியே விட்டிருந்தார். மடிக்க மறந்திருந்தார். தொப்பை பாதிதான் குற்றவாளி என்று தெரிந்ததில் மகிழ்வதா, கை தவறியதற்கு வெட்கப்படுவதா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"கழுத்து மடிக்காத சட்டையை யாராவது டெலிவரி குடுப்பாங்களா அக்கா?" என்றார் வெல்டர், ஒன்றும் அறியாதவர் போல முகத்தை வைத்துக்கொண்டு.

டெய்லர் தகரக் கத்தரியை எடுத்து, சட்டைக் கழுத்தின் வளைவுக்குக் கொடுப்பதுபோலச் சின்னச் சின்ன வெட்டுக் கொடுத்து, சுத்தியலால் தட்டித் தட்டி மடித்தார். ஒன்பதே முக்காலுக்கு மறுபடி ஏறினார். மச்சினர் தோளை அழுத்த, மூச்சை விட்டுவிட்டு உள்ளே போய்ச் சேர்ந்தார்.

மேலே பெரிஸ்கோப் மெல்லத் தெருப்பக்கம் திரும்பியது.

"என்னதான் தெரியுது?" என்று மனைவி தகரத்தைத் தட்டினார்.

"தெரு முனையில லாரி."

வெளியே இருவரும் எட்டிப் பார்த்தார்கள். மதில்தான் தெரிந்தது.

"அப்ப இறங்கி வாங்க."

"இரு," என்றது உள்ளிருந்து கேப்டனின் தணிந்த குரல். "அவன் இன்னும் நம்மளப் பாக்கலை."