அடுத்தவர் பக்கத்துக் கறி

என் வீட்டுக்காரரைக் குடிகாரர் என்று முதலில் சொன்னது ஊர் இல்லை, நான்தான். அதை முதலிலேயே ஒத்துக்கொண்டு விடுகிறேன்.

சைகோனில் துணிக்கடை வைத்திருந்தவர். அங்கேயும் இங்கேயும் பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிய சமயத்தில் காரைக்காலுக்கே திரும்பி வந்துவிட்டார். எங்கள் மரைக்காயர் குடும்பங்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து இருப்பார், வீடு பெண்ணுக்கு. முன்பெல்லாம் என்னைப் பெற்ற உம்மா எதிரே வந்தால் எழுந்து நிற்பவர் அவர். திரும்பி வந்தவரோ வேறு ஆளாக இருந்தார்.

பக்கத்து வீட்டம்மாவிடம் “என்ன இப்படிப் பெருத்துட்டீங்க?” என்பார். சர்க்கரை டப்பாவில் கையை விட்டு அள்ளித் தின்பார். சாயங்காலம் அசர் தொழுகை முடிந்தால் மழையோ புயலோ அரசலாற்றுப் பாலம் வரை போய்த் தொட்டுவிட்டு வருவார். என் உம்மா கண்ணை மூடி மவுத்தான அன்றைக்கு, மையித்தைக் குளிப்பாட்டக்கூட இல்லை, என்னிடம் வந்து “சோறு எப்ப?” என்று கேட்டார். எனக்கு அவரை வெட்டிப் போட்டால் என்ன என்று இருந்தது. அன்றோடு பேச்சை நிறுத்தினேன். நான் பேசவில்லை என்பதையே அவர் கவனிக்கவில்லை. அது இன்னும் எரிந்தது.

அப்போது மெட்ராஸ் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. பிரெஞ்சுக்காரர் ஊராக இருந்த காரைக்காலில் சாராயக் கடை திறந்திருக்கும். அதனால் எங்கள் ஊரில் யார் கொஞ்சம் கோணலாக நடந்தாலும் காரணம் தேட வேண்டியதே இல்லை. சைகோன் போய் வந்தவர் என்றால் கேட்கவே வேண்டாம். நானே என் நானாவிடம், அதாவது அண்ணனிடம், போய்ச் சொன்னேன். “வாடை வந்துச்சா?” என்று கேட்டார். “ஏலக்காய் மெல்லுறாரோ என்னமோ” என்றேன். கோபம் வந்தால் எனக்குக் கற்பனைக்குக் குறைவே கிடையாது.

அம்பகரத்தூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் மானம் கப்பலேறியது. எங்கள் விருந்து சஹன் சாப்பாடு. பெரிய தட்டு ஒன்றைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து, அவரவர் முன்னால் இருப்பதை மட்டும் சாப்பிட வேண்டும். நல்ல கறித்துண்டு தன் பக்கம் வந்தால் அடுத்தவர் பக்கம் தள்ளிவிடுவதுதான் மரியாதை. என் வீட்டுக்காரரோ மாப்பிள்ளையைப் பெற்ற வாப்பா பக்கம் கையை நீட்டி, ஒவ்வொரு துண்டாக எடுத்துத் தின்றாராம். நானாவும் அதே சஹனில்தான் இருந்தார். வீட்டுக்கு வந்த பிறகு சொன்னார்:

“வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் ஜமாஅத்துல சொல்லிட்டு, மச்சானை அவங்க அண்ணன் ஊட்டுக்கு அனுப்பிடுறேன். நீ என்ன சொல்றே?”

“அனுப்புங்க” என்றேன்.

வெள்ளிக்கு ஐந்து நாள் இருந்தது. அதற்குள் இன்னொரு அவமானம் வேண்டாம் என்று வாசலைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். ஒரு சொட்டு உள்ளே வர வழியில்லை. ஆனால் குடி நின்றவர்களுக்கு நடுங்குகிற மாதிரி அவர் கை நடுங்கவில்லை, சிடுசிடுக்கவும் இல்லை. அசர் முடிந்ததும் பூட்டின கதவைத் தொட்டுவிட்டுத் திரும்பினார், பாலத்தைத் தொடுகிற மாதிரியே. சர்க்கரை டப்பா மட்டும் வழக்கம்போலக் காலி. குடிக்காமலே ஒருத்தர் குடிகாரராக இருக்க முடியுமா? புதன்கிழமை காலை நானாவைக் கூப்பிட்டு அனுப்பினேன். “முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க. ஈரல் கெட்டிருந்தா நானே மூட்டை கட்டித் தர்றேன்.”

ஆஸ்பத்திரியில் பிரெஞ்சில் படித்த கிறிஸ்தவ டாக்டர் ஒருவர் இருந்தார். ஈரல் சுத்தமாக இருக்கிறது என்றார். வேறு கெட்ட வியாதியோ என்று ரத்தமும் சோதித்தார், அதுவும் இல்லை. சைகோன் கப்பல்களின் பெயர், துணி ரகம் எல்லாம் கேட்டார். என் வீட்டுக்காரர் ஒன்றுகூடத் தப்பாமல் சொன்னார். கடைசியில் டாக்டர், கல்யாணத்தில் நடந்ததை நானாவிடம் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, “எனக்கும் ஒரு நாள் உங்க வீட்ல சஹன் சோறு போடுங்களேன்” என்றார்.

அடுத்த நாள் பகல் சாப்பாட்டுக்கு டாக்டர், நானா, இவர் மூவரும் உட்கார்ந்தார்கள். நான் திரைக்குப் பின்னால் நின்றேன். கறி முழுவதையும் டாக்டர் தன் பக்கம் தள்ளி வைத்துக்கொண்டார். என் வீட்டுக்காரரின் கை நீண்டது.

“ஒரு நிமிஷங்க. இந்தத் துண்டு யார் பக்கம் இருக்கு?” என்றார் டாக்டர்.

“உங்க பக்கம்.”

“நீங்க எடுக்கலாமா?”

“எடுக்கக் கூடாது. மரியாதை இல்லை” என்று தெளிவாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

நானா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். டாக்டர் திரைப்பக்கம் திரும்பி, எனக்கும் கேட்கும்படி சொன்னார்: “அவருக்கு எல்லாம் தெரியுது. தெரிஞ்சபடி கையை இழுத்து நிறுத்துற இடம் மூளையோட முன்பக்கம் இருக்கு. அது சுருங்கிக்கிட்டு வருதுன்னு நினைக்கிறேன். மாடு பழைய மாடுதான், மூக்கணாங்கயிறு அறுந்துபோச்சு.” அந்த நோய்க்கு யாரோ ஒரு வெள்ளைக்கார டாக்டருடைய பெயரைச் சொன்னார். என் வாயில் நுழையவில்லை. மருந்து கிடையாது, போகப் போக அதிகமாகும் என்றும் மறைக்காமல் சொன்னார்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. “எங்க உம்மா மவுத்தன்னைக்கு சோறு கேட்டாரே, அதுவுமா?”

“அதுவுந்தாம்மா.”

அல்ஹம்துலில்லாஹ் என்றேன். மருந்தில்லாத நோய் என்று கேட்டுவிட்டு எவளாவது சந்தோஷப்படுவாளா? நான் பட்டேன். இரண்டு வருஷமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கி, திரையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என் மனிதர் என்னை அலட்சியம் செய்யவில்லை. மன்னிக்க முடியாமல் தவித்தேனே, மன்னிக்க அங்கே குற்றமே இல்லை.

நானா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “மச்சான், மன்னிச்சுக்குங்க” என்றார். “கையில நெய் இருக்கு, விடுங்க” என்று இவர் உருவிக்கொண்டார். மற்ற மூன்று பேரும் சிரித்துவிட்டோம், நான் திரைக்குப் பின்னால்.

வெள்ளிக்கிழமை ஜமாஅத்தில் நானா வேறு செய்தி சொன்னார்: “மச்சானுக்கு உடம்புக்கு முடியல. விருந்துக்குக் கூப்பிடுங்க, எங்க சஹன்லயே உக்காத்திக்கிறோம்.”

வாசல் பூட்டை எடுத்துவிட்டேன். அன்று முதல் வீட்டில் நானும் அவரும் ஒரே தட்டில்தான் சாப்பிட்டோம். அவர் பக்கம் இருப்பதை விட்டுவிட்டு என் பக்கம்தான் கையை நீட்டுவார். அதனால் நல்ல துண்டுகளையெல்லாம் நான் என் பக்கமே வைத்துக்கொள்வேன்.