மாடி வீட்டு எலி

இன்று சாயங்காலம் ராஜபாளையம் எஸ்.டி.டி. பூத்தில் எனக்கு முன்னால் நின்றவர், எங்கள் மாடியில் குடியிருக்கும் விலங்கியல் சார்.

கல்லூரிக்காக அவர் மாடியில் வளர்ப்பது விரல் தண்டி, அதாவது விரல் பருமனே உள்ள பாம்பு. பாம்பின் தண்டிக்கு மேல் இரை எலி இருக்கக் கூடாது, சுண்டெலிதான் சரி என்று சொல்லித்தான் வீட்டில் எலி வளர்க்க என்னிடம் அனுமதி வாங்கினார்.

“சுண்டெலி பத்தல அண்ணாச்சி. பெரிய வெள்ளை எலியா, பெருச்சாளியான்னு யோசிக்கேன்” என்றார்.

“பாம்பு வளந்துட்டா சார்?”

“இல்லையே. அம்புட்டேதான் இருக்கு.”

“பொறவு எதுக்குப் பெருச்சாளி?”

அவர் பூத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணாடி வழியே பார்த்தேன். போனில் யாருக்கோ தன் தொடையைப் பிடித்து அளவு காட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் தண்ணீர்த் தொட்டி மாடியில்தான் இருக்கிறது. நாளை கழுவ வேண்டும். துணைக்கு வருகிறவர்கள் இப்போதே சொல்லிவிடுங்கள்.