தூர நாளில் ஒரு குடவோட்டம்

இந்த வருஷம் எனக்கு அது நின்றுபோயிற்று. முப்பது வருஷத்துக்கு மேலாக மாதந்தவறாமல் வந்தது, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. நிம்மதிதான். ஆனால் நிம்மதியாக உட்காரத் தெரியாதவள் நான். வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடக்கிறேன். நடக்க நடக்கக் கால்கள் வேகம் கேட்கின்றன. ஒரு காலத்தில் ஓடின கால்கள்.

பாளையங்கோட்டையில் நான் படித்த பெண்கள் போர்டிங்கில் வருஷத்துக்கு ஒருமுறை விளையாட்டு விழா நடக்கும். பெரிய பிள்ளைகளுக்குக் குடவோட்டம். கிணற்றடியில் செப்புக்குடத்தை நிரப்பி இடுப்பில் ஏற்றிக்கொண்டு, மைதானத்தைக் குறுக்கே கடந்து, சமையல்கட்டுக்கு முன்னால் அடுப்பேற்றியிருக்கும் அண்டா வரைக்கும் ஓட வேண்டும். முதலில் வந்தால் மட்டும் போதாது, குடத்தில் கழுத்துவரை தண்ணீர் நிற்க வேண்டும். அந்தத் தண்ணீரில்தான் விழாவுக்கு வந்தவர்களுக்குப் பாயசம் வேகும். விளையாட்டிலும் ஒரு வேலை முடிந்தாக வேண்டும், எங்கள் போர்டிங் அப்படி.

இரண்டு வருஷமாக நான் இரண்டாவதாக வந்துகொண்டிருந்தேன். முதலில் வந்தவள் விக்கிரமசிங்கபுரத்துக்காரி. அப்பாவுக்கு நூல் மில்லில் வேலை. நெடுநெடுவென்று இருப்பாள், குடம் அவள் இடுப்பில் கைக்குழந்தை மாதிரி ஒட்டிக்கொள்ளும். என் பாய்க்கு அடுத்த பாய் அவளுடையது. எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். ஒரே ஒரு தடவை அவளை ஜெயித்துவிட வேண்டும் என்ற ஆசை அதைவிடப் பெரிது.

மூன்றாம் வருஷம், விழாவன்று காலையில், எனக்குத் தூரம் வந்துவிட்டது. அப்போது பதினைந்து வயது.

தூரமான பிள்ளை கிணற்றுக் கயிற்றைத் தொடக் கூடாது, குடத்தைத் தொடக் கூடாது, சமையல்கட்டுப் பக்கம் போகக் கூடாது. எங்களை நடத்திய வெள்ளைக்கார மிஸ்ஸியம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்காது, அஞ்ஞானம் என்பார். ஆனால் சமையலம்மாவிடம் அந்தப் பேச்சு செல்லாது. சமையலம்மா ஞானஸ்நானம் வாங்கி இருபது வருஷம் ஆகியிருந்தது. கிணற்றுக்குத்தான் இன்னும் யாரும் கொடுக்கவில்லை. அந்த மூன்று நாளும் பின்வராந்தாவில் உட்கார்ந்து லேஸ் பின்ன வேண்டும். சீமைக்குப் போகிற லேசுக்குத் தீட்டு கிடையாது போலும். யார் லேசோடு உட்கார்ந்திருக்கிறாள் என்று எட்டிப் பார்த்தால் போதும், போர்டிங் முழுவதற்கும் சேதி தெரிந்துவிடும்.

நான் லேசைத் தொடவில்லை. நேரே விக்கிரமசிங்கபுரத்துக்காரியிடம் போனேன். வேறு வழியில்லை. மில்லில் கழித்துப் போட்ட பஞ்சை அவள் அப்பா கேட்டு வாங்கிப் பை பையாகக் கொடுத்தனுப்புவார். எங்களில் பாதிப் பேருக்கு அந்தப் பஞ்சுதான் கதி. மகள் தலையணை தைக்கிறாள் என்று அந்த மனுஷர் நினைத்திருந்தார்.

“ஏட்டி, கொஞ்சம் பஞ்சு தா.”

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “இன்னைக்கா வந்துச்சு?”

“இன்னைக்குத்தான்.”

“அப்ப லேஸு பின்னப் போகலையா?”

“ஓடப் போறேன்.”

“அடி பாவி! பாயசத் தண்ணில்லா அது!”

“சமையலம்மாட்ட சொல்லப் போறியா?”

சொல்லியிருந்தால் அந்தப் பந்தயம் அப்போதே அவளுடையது. அது அவளுக்கும் தெரியும். பஞ்சைப் பிய்த்துப் பழந்துணியில் சுருட்டி என் கையில் திணித்தாள்.

“இறுக்கிக் கட்டு. பாவப்பட்டு உன்னைய முந்த விட்டுருவேன்னு மட்டும் நெனைக்காத.”

அந்த நாளில் ஓடுகிறவளுக்கு உடம்பு இரண்டு. மேல்பாதி பறக்கப் பார்க்கிறது. கீழ்ப்பாதி ஊறின துணி மாதிரி கனக்கிறது. தொடை இழுக்கிறது. அடிவயிற்றைப் பிடித்து யாரோ பிழிகிறார்கள். குடத்தை இடுப்பில் ஏற்றினேன். கிணற்றுத் தண்ணீரின் குளிர்ச்சி செம்பு வழியாக விலாவில் இறங்கியது. அந்தக் குளிர்ச்சியைக் கட்டிக்கொண்டு ஓடினேன். வேம்பு பின்னால் போயிற்று, பெஞ்சுகள் போயின, பெஞ்சுகளில் இருந்த பாதிரிமார் போனார்கள். வலி எந்த இடத்தில் என்னைவிட்டு இறங்கிக்கொண்டது என்று தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் அவள் மூச்சு மட்டும் கேட்டது, பக்கத்தில், மிகப் பக்கத்தில், ஆனால் பின்னால்.

அண்டாவைத் தொட்டது நான்தான். சமையலம்மா குடத்தின் கழுத்தைப் பார்த்தாள். “நெறைகொடம்! ஸ்தோத்திரம்!” என்று வாங்கி அண்டாவில் கவிழ்த்தாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அந்த நேரத்தில் என் முதுகில் ஒரு குடம் தண்ணீர் மொத்தமாகக் கொட்டியது.

பெஞ்சுகள் ஓவென்று சிரித்தன. “தோத்த பிள்ளைக்குப் பொறாமையப் பாருங்க!” என்று மேட்ரனம்மா பாய்ந்து வந்தாள். வெறுங்குடத்தோடு நின்ற விக்கிரமசிங்கபுரத்துக்காரி என் காதில், “கறை பட்டிருக்குட்டி. உள்ள ஓடு” என்றாள். சொட்டச் சொட்ட நனைந்த பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். அந்த ஓட்டத்துக்கு முன்னால் குடத்தோடு ஓடியதெல்லாம் ஒன்றுமேயில்லை.

உடை மாற்றி வந்தபோது அவள் சமையல்கட்டுச் சுவரோரம் முழங்காலில் நின்றுகொண்டிருந்தாள். பொறாமைக்குத் தண்டனை: பாயசம் கிடையாது. பாதிரிமார் இரண்டாந்தடவை கேட்டு வாங்கிக் குடித்தார்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. என் தம்ளரை எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் நானும் முழங்காலிட்டேன்.

“மேட்ரனம்மாட்ட உள்ளதைச் சொல்லிருதேன்.”

“சும்மா கெட. சொன்னா குடிச்சவுகள்லாம் இங்கனயே கக்கிருவாவ.” தம்ளரைப் பிடுங்கிப் பாதியைக் குடித்தாள்.

எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. “ஏட்டி, கறையப் பாத்துட்டுத்தான் பின்னால வந்தியா? விட்டுக் குடுத்தியா?”

“ஆமா, இவளுக்கு விட்டுக் குடுக்காவ!” வாயைத் துடைத்துக்கொண்டாள். “அண்டாகிட்ட நீ குனிஞ்சப்பதான் கறையே தெரிஞ்சுது. அதுவரைக்கும் எட்டிப் பிடிக்கத்தான் பாத்தேன். முடியலட்டி. அடுத்த வருசம் சும்மா இருக்கையில வா, காட்டுதேன்.”

அடுத்த வருஷம் எனக்குத் தூரமில்லை. அவள்தான் ஜெயித்தாள்.