மோப்பம் பிடித்த வரப்பு

மண்ணைக் கையில் அள்ளினால் முதலில் மூக்குக்குத்தான் கொண்டுபோவார். அதனால் பெற்றோர் வைத்த பெயர் போய், ஊருக்கே அவர் மோப்பம் ஆகிவிட்டார். டாக்டர் கொடுத்த மாத்திரையைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் விழுங்குவார். கடைக்காரர் சிரித்து வரவேற்றால் அன்றைக்கு அந்தக் கடையில் எதுவும் வாங்க மாட்டார்.

இயற்கை விவசாயத்தை நாடு முழுக்கக் கொண்டுபோக அரசாங்கம் திட்டம் போட்டிருக்கிறது என்று வேளாண் அலுவலர் எங்கள் ஊர் விவசாயிகளை ஒரு குழுவாகக் கூட்டிச் சொன்னார். விதையும் எருவும் அவர்களே தருவார்கள். மூன்று வருடம் ரசாயனத்தைத் தொடாமல் இருந்தால் சான்றிதழ் கிடைக்கும். அதன்பிறகு காய்கறி முழுவதையும் ஆஸ்பத்திரிகளுக்கும் பள்ளிகளுக்கும் அரசாங்கமே நல்ல விலைக்கு வாங்கிக்கொள்ளும். நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டோம். மோப்பம் மட்டும் எழுந்தார்.

"சும்மா குடுக்கறேங்கறீங்க. அப்புறம் எங்ககிட்டேருந்து எதை எடுக்கப் போறீங்க சார்?"

அலுவலர் கோபப்படவில்லை. மனுஷன் கெட்டிக்காரர். அந்த இடத்திலேயே மோப்பத்தைக் குழுவின் சோதனையாளர் ஆக்கிவிட்டார். இந்தத் திட்டத்தில் விவசாயிகளே ஒருவர் வயலை ஒருவர் கண்காணிக்க வேண்டும். யாராவது மருந்தடித்து அதைக் குழு மறைத்தாலோ விட்டுவைத்தாலோ எல்லோருடைய சான்றிதழும் போகும். குழுவே கண்டுபிடித்து அந்த ஆளைத் தள்ளிவைத்தால் மற்றவர்கள் தப்பிக்கலாம்.

அன்றிலிருந்து எங்களுக்கு நிம்மதி போயிற்று. செடி செழித்து நின்றால், "எப்படி இவ்ளோ பச்சை?" என்பார். பூச்சி அரித்திருந்தால், "ஊரை ஏமாத்த நீயே விட்டு வெச்சிருக்கியா?" என்பார். அரசாங்கம் அனுப்பிய எரு மூட்டையைப் பிரித்துப் போட்டு ஒரு நாள் முழுக்க முகர்ந்துகொண்டிருந்தார். தன் வயலை மனைவியிடம் விட்டுவிட்டு எங்கள் வயல்களிலேயே குடியிருந்தார். விதிப்படி அவர் வயலை நாங்கள் பார்க்க வேண்டும். பார்க்கவில்லை. மோப்பத்தின் வயலில் தப்பு நடக்குமா என்ன?

மூன்றாம் வருடக் கடைசியில், அலுவலர் இறுதிச் சோதனைக்கு வரும் வாரத்தில், மோப்பம் எங்களை அவசரமாகக் கூப்பிட்டார். அவருக்கும் அவர் மச்சானுக்கும் பொதுவான வரப்பில் புல் கருகிக் கிடந்தது. வெயிலில் காய்ந்த புல் அப்படி இருக்காது. களைக்கொல்லி பட்டால்தான் அந்த நிறம் வரும். மச்சான் என்றால் மோப்பத்தின் மனைவிக்குக் கூடப்பிறந்த தம்பி. மோப்பத்துக்கு அதெல்லாம் கணக்கில் இல்லை.

"எனக்கு முதல்லேருந்தே இவன் மேல ஒரு கண்ணு" என்றார். "சொல்லுடா, எப்ப அடிச்சே?"

மச்சான் தலையைக் குனிந்துகொண்டான். "என்னைத் தள்ளி வெச்சிடுங்க மாமா. மத்தவங்க பொழச்சுக்கட்டும்."

"பாத்தீங்களா, அவனே ஒத்துக்கிட்டான்!"

எனக்கு என்னவோ நெருடியது. அவன் அடித்தேன் என்றும் சொல்லவில்லை, அடிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. இரண்டு சின்னக் குழந்தைகளை வைத்திருப்பவன் மூன்று வருட உழைப்பை இப்படியா விட்டுக்கொடுப்பான்?

சொன்ன நாளில் அலுவலர் வந்தார். வரப்பைக் காட்டி மோப்பம் கதையை முடிப்பதற்குள், அவர் வயல் பக்கத்து அவரைக்காய்ப் பந்தலுக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அது நான் அடிச்சது சார். தம்பி டப்பாவைப் பிடுங்கினான். அதுக்குள்ள அடிச்சிட்டேன்."

மோப்பம் அவளை முறைத்தார். "தம்பியைக் காப்பாத்தப் பாக்கறியா?"

அடப்பாவி மனுஷா என்று எனக்கு வாய் வரைக்கும் வந்தது.

அவள் எங்களைப் பந்தலுக்குப் பின்னால் கூட்டிப்போனாள். மோப்பத்தின் வயலுக்குள் நான்கு பாத்தி அகலத்துக்குக் கோரைக் களை கருகிக் கிடந்தது. அதைத் தாண்டி மிச்ச நிலம் முழுக்கக் கோரை செடியை மூடிக்கொண்டு நின்றது. கோரையைக் கையால் பிடுங்கியவர்களுக்குத் தெரியும், இன்றைக்குப் பிடுங்கினால் அடுத்த வாரம் கிழங்கிலிருந்து திரும்ப வந்து நிற்கும்.

"ஊர்ல ஒருத்தரை விடாம சந்தேகப்பட்டீங்க" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "என்னை மட்டும் ஏன் விட்டீங்க? என் மேல துளி சந்தேகம் வந்திருந்தாலும் ஒரு தடவை இங்க எட்டிப் பாத்திருப்பீங்க. நான் ஒத்தையா கிடந்து மாரடிக்கறது தெரிஞ்சிருக்கும்."

மோப்பம் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினார். மூக்கருகே கொண்டுபோகவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

அலுவலர் தொண்டையைச் செருமினார். "முடிவு குழுவோடதுதான். இந்த வயலைத் தள்ளி வெக்கலாம்ங்கறவங்க கை தூக்குங்க."

எங்களில் ஒருவர் கையும் எழவில்லை. மச்சான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லோருடைய சான்றிதழும் அந்தக் கைகளில்தான் இருந்தது. ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படித் தூக்குவது?

மோப்பம் மண்ணைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் தூக்கினார். பிறகு மனைவியைப் பார்த்தார். அவளும் தூக்கினாள்.