கஸ்ஸானுக்கு ஒரு இனிஷியல்

மஸ்கட்டில் தினமும் காலையில் என்னை என் அப்பா பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். "ஸபாஹுல் கைர், குப்புசாமி!" என்று அரபியில் காலை வணக்கம் சொல்வார் வாசல் காவலாளி. என் பேர் கவிதா. சூலூரில் கு. கவிதாவாகப் படித்து முடித்தவள். பாஸ்போர்ட் எடுத்தபோது அந்தக் 'கு' நீண்டு குப்புசாமியாகி, கடைசிக் கட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அடையாள அட்டையில் கடைசியாக எது இருக்கிறதோ அதுதான் ஆளின் பேர் என்று காவலாளி முடிவு கட்டிவிட்டார். முதல் வருஷம் ஒவ்வொரு தடவையும் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பேன், அப்பா எங்கே இங்கே வந்தார் என்று. இப்போது பழகிவிட்டது. எரிச்சல் மட்டும் போகவில்லை.

இங்கே ஒரு சின்னக் கால்பந்துக் கிளப்பின் அலுவலகத்தில் வேலை எனக்கு. கால்பந்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது உருண்டை என்பதுதான். ஆனால் பேர் விஷயத்தில் நான் பொல்லாதவள், சொந்தமாகச் சூடுபட்டவள் இல்லையா! அதனால்தான் கஸ்ஸான் என்னிடம் வந்தான். சிரியாக்காரன், எங்கள் முன்வரிசை ஆட்டக்காரன். போன கிளப்பில் அவன் பனியன் முதுகில் 'கேசன்' என்று அச்சடித்தார்களாம். அதற்கு முந்தின கிளப்பில் 'காசான்'. ஏழு வருஷமாகப் பார்க்காத அவன் அப்பா இந்தத் தடவை விசா கிடைத்து முதல் ஆட்டத்துக்கு வருகிறார். "முதுகில் என் பேரும் அப்பா பேரும் சரியாக இருக்க வேண்டும். கஸ்ஸான் தௌஃபீக். அவர் கண்ணால் படிக்க வேண்டும்" என்றான். அவ்வளவு பெரிய ஆள், சொல்லும்போது குரல் இறங்கிப்போனது. நான் நெஞ்சில் கை வைத்து வாக்குக் கொடுத்தேன். அவிநாசியில் என் தம்பி சதீஷ் பனியனுக்குப் பிரிண்ட் போடுகிறான். கிளப் ஆர்டர் அவனிடம்தான். அடுத்த வாரமே எனக்கு லீவு.

ஊருக்குப் போனதும் நேராகத் தம்பி பட்டறைக்குப் போய் உட்கார்ந்தேன். "இது நம்ம 'க' இல்லடா, தொண்டைக்குள்ள இருந்து வரோணும்" என்று சொல்லிக் காட்டினேன். பிரிண்டிங் மாஸ்டர் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு, "ஏனுங்க அம்மணி, சுடுதண்ணி ஏதாச்சும் கொண்டாரட்டுங்களா?" என்றார். சளி என்று நினைத்துவிட்டார், பாவம். விடுவேனா? பட்டறையில் அத்தனை பேரையும் சொல்ல வைத்தேன். அரை மணி நேரம் எல்லாரும் வாய் கொப்பளிப்பது போலக் கரகரத்துக்கொண்டிருந்தோம். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இங்கிலீஷ் எழுத்தும் ஒவ்வொன்றாக: ஜி, எச், ஏ, டபுள் எஸ், ஏ, என். "எச்சை உட்டுப்போட்டீன்னா கொன்னுபோடுவேன்" என்றேன். "அக்கா, நீங்க தைரியமாப் போங்க. பேரு அச்சுப் பெசகாம வரும்ங்க" என்றான் தம்பி. நானும் தைரியமாகத்தான் விமானம் ஏறினேன்.

பார்சல் ஆட்டத்தன்று காலையில்தான் வந்து சேர்ந்தது. பிரித்தேன். ஜி, எச், ஏ, டபுள் எஸ், ஏ, என். ஒரு எழுத்துப் பிசகில்லை. ஆனால் தௌஃபீக் எங்கே? கஸ்ஸானுக்கு முன்னால் ஒரு 'டி', ஒரு புள்ளி. டி. கஸ்ஸான்! போனைப் போட்டு, "அப்பா பேரு எங்கடா?" என்று கத்தினேன். "முன்னாடி போட்டிருக்கறனுங்க்கா, பாக்கலீங்களா?" என்றான் நிதானமாக. "பெரியவரு பேரை முழுசா எழுதுனா, அந்தப் பையன் கீழ உழுந்து பொரள்றப்ப மண்ணுல பொரளாதுங்களா? மரியாதையா இருக்கட்டும்னு இனிஷியலாப் போட்டுட்டேனுங்க." போனை வைத்தேன். தொண்டையைப் பழக்கினேனே தவிர, அப்பா பேரைப் பின்னால் முழுசாகப் போடு என்று சொல்லிக் கொடுக்க எனக்கே தோன்றவில்லை. கஸ்ஸான் பனியனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போனான். அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

கஸ்ஸானின் அப்பாவுக்குப் பக்கத்தில் என்னை உட்கார வைத்துவிட்டார்கள். கோட்டு போட்டுக்கொண்டு, அந்த வெயிலில், மாப்பிள்ளை வீட்டார் போல விறைப்பாக உட்கார்ந்திருந்தார். மகன் முதுகைக் காட்டி ஓடியதும் கண்ணைச் சுருக்கிப் படித்தார். "கஸ்ஸான் சரி. அது என்ன, ஒரு எழுத்தும் புள்ளியும்?" என் அரைகுறை அரபியில், "அது நீங்கள்தான் ஐயா" என்றேன். "நானா? இவ்வளவுதானா நான்?" முகம் வாடிவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. தெரிந்த அரபியையெல்லாம் கொட்டினேன். பனியன் அச்சடித்தது எங்கள் ஊரில், அங்கே அப்பா பேரைப் பின்னால் நிறுத்த மாட்டோம். பிள்ளை பேருக்கு முன்னால் அப்பா எழுத்து நிற்கும். பள்ளிக்கூடம் ஆகட்டும், கல்யாணப் பத்திரிகை ஆகட்டும், அவர் முன்னால் போகாமல் நாங்கள் எங்கேயும் போக மாட்டோம் என்றேன்.

அவர் சட்டென்று என் பக்கம் திரும்பி, "அபூ கஸ்ஸான்!" என்றார். கஸ்ஸானின் தகப்பன் என்று அர்த்தம். அவர் தெருவில் யாருமே அவரைத் தௌஃபீக் என்று கூப்பிட்டதில்லையாம். மகன் பிறந்த நாளிலிருந்து அபூ கஸ்ஸான்தான், மகன் பேருக்கு முன்னால் அவர். "இப்போது அந்தத் தெருவில் என்னைக் கூப்பிட ஒருவரும் மிச்சமில்லை, மகளே. உங்கள் ஊர்க்காரர் எப்படித் தெரிந்து எழுதினார்?" என்று கேட்டார். பிசகு நடந்துவிட்டது என்று சொல்லலாம்தான். சொல்லவில்லை. என் தம்பி ரொம்பத் தெரிந்தவன் என்றேன். மூன்றுக்கு ஒன்று என்று நாங்கள் தோற்ற ஆட்டத்தை அவர் கடைசி வரை கைதட்டிப் பார்த்தார்.

வேறு பனியன் அடித்துத் தருகிறேன் என்றதற்கு, அப்பா சொல்லி அந்தப் புள்ளியின் அர்த்தம் தெரிந்துகொண்ட கஸ்ஸான் விழுந்தடித்துக்கொண்டு வேண்டாம் என்றான். மறுநாள் அலுவலகத்தில் மொத்த டீமும் வரிசையில் நிற்கிறது, எங்களுக்கும் அந்தப் புள்ளி வேண்டும் என்று. அம்மா மட்டும் வளர்த்த கோல்கீப்பர், அம்மா எழுத்தைப் போடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். தம்பியைக் கேட்டேன். "அதுக்கென்னங்க்கா, தாராளமாப் போட்டரலாங்க" என்றான். அவிநாசிக்கு அனுப்பப் பட்டியல் அடித்தேன்: ஏ. கரீம், எம். யூனுஸ், டி. கஸ்ஸான்... சரிபார்க்க ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசித்தேன். வாசிக்க வாசிக்க அது சூலூர்ப் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடாகவே ஆகிப்போனது. பட்டியல் முடிந்தது. கு. கவிதா என்று யாரும் கூப்பிடாமலே என் வாய், "உள்ளேன் ஐயா" என்றது. எங்கே உள்ளேன் என்று யாராவது அப்போது கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.